சிரிப்புக் கதை வெட்டிக் கதையா?

ஒரு கதை 26 பகுதியாக ஓடுகிறது. அதிலே காதல் உண்டு. பகை உண்டு. பழிக்குப் பழி உண்டு. துப்பாக்கிச் சண்டை உண்டு. எல்லோரும் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள்.

நடுவே ஒரு நாள், கெட்டுப்போன சாப்பாடு பூதமாக மாறி எல்லோரையும் கடிக்கிறது!

இன்னொரு நாள், கதாநாயகன் காளானைத் தின்றுவிட்டுத் தவளையோடு பேசுகிறான்!

வேறொரு நாள், வானளாவிய கட்டடத்துக்குள் ஒருவன் குதிரை மேல் ஏறி வருகிறான்!

"இதெல்லாம் எதற்கு? கதை எங்கே போயிற்று? இந்தக் கோமாளித்தனத்தைத் தள்ளிவிட்டு, அசல் கதையை மட்டும் பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது தள்ளுவதும் சுலபம். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த பகுதி வந்துவிடுகிறது.

தள்ளாதீர்கள் என்று நான் சொல்கிறேன். அந்தச் சிரிப்புப் பகுதிகளைத் தள்ளினால், நீங்கள் அசல் கதை என்று நினைக்கிறீர்களே, அதன் உயிரும் கூடவே போய்விடும். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

எந்தக் கதை?

ஜப்பான் தேசத்தில் எடுக்கப்படும் சித்திரப் படங்களுக்கு "அனிமே" என்று பெயர். அவை குழந்தைகளுக்கு மட்டுமல்ல. பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்டவையும் ஏராளம். அவற்றிலே உலகப் புகழ் பெற்ற ஒன்று "கவ்பாய் பீபாப்". விஞ்ஞானக் கதை. தயாரித்தது சன்ரைஸ் கம்பெனி. டைரக்டர் ஷினிச்சிரோ வதனாபே. கதை அமைப்பு கெய்கோ நொபுமோட்டோ என்ற அம்மையார். சங்கீதம் யோகோ கன்னோ என்ற அம்மையார்.

கதை நடப்பது 2071-ம் வருஷத்தில். சந்திரனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விபத்து நடந்து, சந்திரன் உடைந்து, பூமியின் மேல் கல்மழை பொழிந்துவிட்டது. ஜனங்கள் செவ்வாய், வெள்ளி, வியாழனின் துணைக்கோள்கள் என்று எங்கெங்கோ போய்க் குடியேறிவிட்டார்கள். போன இடத்திலும் திருட்டும் கொலையும் குறையவில்லை. குற்றவாளிகளின் தலைக்குச் சர்க்கார் விலை வைக்கிறது. அவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பணம் வாங்குவதே சிலருக்குப் பிழைப்பு.

அந்தப் பிழைப்பை நடத்தும் ஒரு கூட்டம்தான் நமது கதாபாத்திரங்கள். அவர்களுடைய விண்கப்பலின் பெயர் பீபாப். புதுக் கப்பல் அல்ல. பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றி அமைத்தது.

நாலு பேரும் ஒரு நாயும்

கப்பலில் யார் யார் இருக்கிறார்கள்?

ஜெட் என்பவர் கப்பலின் சொந்தக்காரர். முன்னாள் போலீஸ்காரர். ஒரு கை இரும்புக் கை. சமைப்பது, ரிப்பேர் பார்ப்பது, தொட்டியில் குட்டை மரம் வளர்ப்பது எல்லாம் அவர் வேலை. கப்பலுக்குத் தகப்பன் மாதிரி.

ஸ்பைக் என்பவன் கதாநாயகன். ஒரு காலத்தில் பெரிய கொள்ளைக் கூட்டத்தில் இருந்தவன். அங்கே ஒரு பெண்ணைக் காதலித்தான். ஒரு நண்பன் பகைவன் ஆனான். எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தவன்.

ஃபே என்ற பெண், 54 வருஷம் குளிர்ப் பேழையில் தூங்கி எழுந்தவள். எழுந்தபோது தான் யார் என்றே நினைவில்லை. கடன் மட்டும் மலைபோல் இருந்தது. சூதாட்டத்தில் கெட்டிக்காரி.

எட் என்ற சிறுமி. ஆண்பிள்ளைப் பெயர், ஆனால் பெண் குழந்தை. கம்ப்யூட்டரில் சூரப்புலி. கால் தரையில் பாவாது.

கடைசியாக ஐன் என்ற குட்டைக் கால் நாய். அந்தக் கப்பலிலேயே அதிக புத்திசாலி அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இவர்களில் யாரும் யாருக்கும் உறவில்லை. யாரும் யாரையும் வா என்று அழைக்கவில்லை. போக்கிடம் இல்லாமல் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. பசி!

முதல் பகுதியிலேயே ஜெட் சமைத்து வைக்கிறார். குடமிளகாயும் மாட்டிறைச்சியும் என்று கறிக்குப் பெயர். தட்டில் பார்த்தால் குடமிளகாய் மட்டும் இருக்கிறது. "இறைச்சி எங்கே?" என்று ஸ்பைக் சண்டைக்கு வருகிறான். காசு இருந்தால்தானே இறைச்சி வாங்க!

அதைப் பார்த்த உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இது ராஜாக்களின் கதை அல்ல, மாதக் கடைசிக் குடும்பத்தின் கதை என்று.

கணக்குப் பார்ப்போம்

இப்போது ஒரு கணக்கு. மொத்தம் 26 பகுதி. அதிலே ஸ்பைக்கின் பழைய காதலும் பகையும் நேராக வருவது எத்தனை? ஐந்துதான்! 5, 12, 13, 25, 26.

மற்ற 21-ம் தனிக் கதைகள். ஒரு வாரம் ஒரு குற்றவாளி. ஒரு வாரம் ஒரு ஊர். சில கதைகளில் அழுகை. சில கதைகளில் பயங்கரம். சில கதைகளில் வயிறு குலுங்கச் சிரிப்பு.

அசல் கதை மட்டும் போதும் என்கிறவர் ஐந்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவர் பார்த்தது என்ன? யாரோ ஒருவன், யாரோ ஒருவனோடு சண்டை போடுகிறான். அவ்வளவுதான். அவன் யார், அவன் போனால் யார் வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

இதிலே இன்னொரு வேடிக்கை. 1998-ம் வருஷம் ஏப்ரல் மாதம் டிவி டோக்கியோ நிலையத்தில் இந்தக் கதை முதலில் ஒளிபரப்பானபோது, 26-ல் பாதிகூட முழுசாக வரவில்லை. முடிவுப் பகுதிகள் இரண்டும் அந்தச் சமயம் காட்டப்படவே இல்லை! அவை கட்டண டெலிவிஷன் ஒன்றில், அக்டோபர் முதல் 1999 ஏப்ரல் வரை எல்லாப் பகுதிகளும் ஓடியபோதுதான் வந்தன. ஆனால் முதல் சுற்றிலேயே பிரிட்ஜ் பூதத்தின் கதை வந்துவிட்டது. முடிவு இல்லாமல் கதை வந்தது. சிரிப்பு இல்லாமல் வரவில்லை!

பிரிட்ஜுக்குள் பூதம்

அந்தக் கதைதான் 11-ம் பகுதி.

கப்பலில் ஏதோ ஒன்று ஊர்கிறது. என்னவென்று யாருக்கும் தெரியாது. முதலில் ஜெட்டைக் கடிக்கிறது. கடிபட்ட இடம் நீலம் பாரிக்கிறது. ஆள் மயங்கி விழுகிறார். அப்புறம் ஒவ்வொருவராக விழுகிறார்கள். நாயும் விழுகிறது.

இருட்டு. நிசப்தம். குழாய்களுக்குள் சரசரப்பு. வேற்றுக் கிரக ஜந்து வந்து மனிதரை வேட்டையாடும் படங்கள் இருக்கின்றன அல்லவா? 1979-ல் வந்த "ஏலியன்" படம் போல. அந்தப் பாணியிலேயே நம்மை நடுங்க வைக்கிறார்கள். ஸ்பைக் ஆயுதங்களை எல்லாம் மாட்டிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்புகிறான்.

கடைசியில் தெரிகிறது விஷயம். கப்பலின் மூலையில் ஒரு பழைய பிரிட்ஜ். அதற்குள்ளே ஒரு சிங்கி இறால். விலை உயர்ந்த சாமான். மற்றவர்கள் கண்ணில் பட்டால் தின்றுவிடுவார்களே என்று, ஒரு வருஷத்துக்கும் முன்னால் அதை அங்கே ஒளித்து வைத்தவர் யார்? சாட்சாத் ஸ்பைக்தான்! வைத்தவன் மறந்தே போனான். அது அழுகி, புளித்து, உயிர் பெற்று ஊர ஆரம்பித்துவிட்டது!

பிரிட்ஜை அப்படியே விண்வெளியில் தள்ளிவிடுகிறார்கள். பின்னணியில் பூக்களின் நடனம் என்ற அருமையான மேல்நாட்டுச் சங்கீதம்! ருஷிய மேதை சைக்கோவ்ஸ்கி அமைத்தது. சங்கீதம் பாட, பிரிட்ஜ் மிதந்து போகிறது. மிச்சமிருந்த பூதம் என்ன ஆயிற்று? தூக்கத்தில் இருந்த எட் அதை வாயில் போட்டுக்கொண்டு மென்றுவிட்டாள்!

இந்தக் கதையில் ஒவ்வொரு பாத்திரமும் வாழ்க்கைப் பாடம் ஒன்று சொல்கிறது. ஜெட் பெரிய தர்மம் பேசுகிறார். ஃபே பெரிய அதர்மம் பேசுகிறாள். ஸ்பைக் சொல்லும் பாடம் என்ன தெரியுமா? பிரிட்ஜில் சாமானை வைத்துவிட்டு மறக்காதே!

சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் லட்சணத்தை அறிய வேண்டுமானால் வரவேற்பு அறையைப் பார்த்துப் பயன் இல்லை. பிரிட்ஜின் பின்தட்டைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைக்கிறார்கள். யாரும் சுத்தம் செய்வதில்லை. ஆனால் வினை வந்தால் எல்லோரையும்தான் கடிக்கிறது. இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்பதை இதைவிட அழகாக எந்தச் சண்டைக் காட்சி சொல்ல முடியும்?

காளான் விருந்து

அடுத்தது 17-ம் பகுதி.

கப்பலில் சாப்பாடும் இல்லை, எரிபொருளும் இல்லை. ஆபத்துக்கு என்று வைத்திருந்த சாப்பாட்டை ஃபே ரகசியமாகத் தின்றுவிட்டாள். அதுவும் கெடு தாண்டிய சாப்பாடு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். போதாக்குறைக்கு வேறொரு கப்பல் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிடுகிறது. பீபாப் கப்பல் பாலைவனம் போன்ற இடத்தில் விழுகிறது.

பெரியவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு தேடப் போவது யார்? சின்னப் பெண்ணும் நாயும்!

எட் காளான்களோடு திரும்பி வருகிறாள். அவை நல்ல காளான்தானா? பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துவிடுவோம் என்று வைத்துவிடுகிறாள். அவர்களும் பசி தாங்காமல் தின்றுவிடுகிறார்கள். அவ்வளவுதான்! ஸ்பைக் முடிவே இல்லாத படிக்கட்டில் ஏறுகிறான். படியில் ஒரு தவளை உட்கார்ந்து அவனோடு பேசுகிறது. ஜெட் தம் தொட்டி மரங்களோடு வேதாந்தம் பேசுகிறார். ஃபே குளியலறையில் இருந்தபடியே கடலுக்குள் நீந்துகிறாள்.

எட் அவர்களை விட்டுவிட்டு அந்த மயக்கக் காளான் விற்கும் ஆசாமியைத் துரத்துகிறாள். அவன் தலைக்கும் விலை உண்டு. ரயில், சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு திரியும் மனிதன், கோபக்காரப் பெண் என்று ஓட்டம் அமர்க்களப்படுகிறது. கடைசியில் அந்த ஆசாமி, "என்னை விட்டுவிடு. இந்தக் காளான்களை எடுத்துக்கொள். இவற்றுக்கு அந்தப் பரிசைவிட விலை அதிகம்" என்கிற மாதிரி ஆசை காட்டுகிறான். எட் நம்பி வாங்கிக்கொண்டு வருகிறாள். பார்த்தால், கடையில் விற்கும் சாதாரண ஷிடாகே காளான்! பரிசும் போயிற்று. அப்புறம் என்ன? வேளா வேளைக்குக் காளான் சாப்பாடுதான்!

இங்கே ஒரு வார்த்தை. இந்தக் கதை சிறு பிள்ளைகளுக்கானது அல்ல. போதை தரும் காளான் விளையாட்டுப் பொருளும் அல்ல. படத்தில் சிரிப்பாக வருவது நிஜத்தில் உயிரைக் குடிக்கும். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து அதைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் கதாநாயகன் ஒன்றுமே செய்வதில்லை. படி ஏறுவதோடு சரி. குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்பியது குழந்தை. அவள் ஏமாந்துதான் வந்தாள். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. அன்றைக்கு அந்தக் கப்பலில் அடுப்பு எரிந்தது அவளால்தான். அதை நீங்கள் பார்த்திருந்தால்தான், பின்னால் அவள் இல்லாத நாளில் என்ன குறைகிறது என்பது தெரியும்.

குதிரை மேல் வந்த கவ்பாய்

மூன்றாவது, 22-ம் பகுதி.

கரடிப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்துப் பெரிய பெரிய கட்டடங்களைத் தகர்க்கிறான் ஒருவன். எதற்காக? அவனுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. மனிதர்கள் அளவுக்கு மீறி ஆசைப்பட்டு வானத்தை முட்டும் கட்டடம் கட்டுகிறார்களே என்ற ஆத்திரம். அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறான்.

ஸ்பைக் அவனைப் பிடிக்கப் போகிறான். அதே சமயம் ஆண்டி என்ற இன்னொருவனும் வருகிறான். பணக்கார வீட்டுப் பிள்ளை. பழைய அமெரிக்க மாட்டிடையன் மாதிரி தொப்பி, பூட்ஸ், வெள்ளைக் குதிரை! ஸ்பைக்கையே குண்டு வைத்தவன் என்று நினைத்து மல்லுக்கு நிற்கிறான். இருவருக்கும் சண்டை. உண்மையான குற்றவாளி நடுவில் நின்று தன் கொள்கையைச் சொல்ல வாயைத் திறக்கிறான். கேட்பார் இல்லை! மறுபடி வாயைத் திறக்கிறான். மறுபடியும் இல்லை! கடைசி வரையில் அவன் பேச்சை யாரும் முழுதாகக் கேட்கவே இல்லை.

ஜெட்டும் ஃபேயும் என்ன சொல்கிறார்கள்? "இந்த ஆண்டியும் நம் ஸ்பைக்கும் ஒரே அச்சு" என்கிறார்கள். ஸ்பைக்குக்கு வருகிறதே கோபம்! அவனுக்குக் கோபம் வரும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவர்கள் சொன்னது சரி என்று.

எத்தனை கதைகளில் கதாநாயகனைக் கண்ணாடி முன் நிறுத்தி, "பார், உன் ஜம்பத்தைப் பார்" என்று காட்டுகிறார்கள்? இங்கே காட்டுகிறார்கள். சரியாக மூன்று பகுதி கழித்து இதே ஸ்பைக் தன் தலைவிதியைத் தேடிப் போகப் போகிறான். போவதற்கு முன்னால் அவனையும் நம்மைப் போல் அசட்டு மனிதனாக ஒரு தடவை காட்டிவிடுகிறார்கள். அசட்டுத்தனம் தெரிந்த மனிதன் மேல்தான் நமக்குப் பாசம் வரும். சிலைக்கு மாலை போடலாம். சிலைக்காக அழ முடியுமா?

சிரிப்பு லேசான சங்கதி அல்ல என்பதற்கு இந்தப் பகுதியின் சரித்திரமே சாட்சி. 2001 செப்டம்பர் 2-ம் தேதி அமெரிக்காவில் இந்தத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விமானத் தாக்குதலில் தகர்ந்தன. அதன் பிறகு, கட்டடங்கள் வெடிக்கும் இந்தப் பகுதியை அந்தச் சுற்றில் காட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். சரியான காரியம். துக்க வீட்டில் அந்தச் சிரிப்பு எடுபடாது. எதற்கும் நேரம் உண்டு. ஆனால் நேரம் பார்த்து நிறுத்தி வைப்பது வேறு, வெட்டி என்று தூக்கி எறிவது வேறு.

ஜப்பானியரின் பழைய வழக்கம்

அழுகைக்கு நடுவே சிரிப்பை வைப்பது ஜப்பானுக்குப் புதிது அல்ல.

நோ என்பது அவர்களுடைய பழைய நாடகம். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. முகமூடி, மெதுவான நடை, ஆவிகள், மாளாத சோகம். இரண்டு நோ நாடகங்களுக்கு நடுவே அதே மேடையில் கியோகென் என்ற ஹாஸ்ய நாடகம் நடக்கும். நோ நாடகத்தையும் கியோகெனையும் அவர்கள் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றபோதும் இரண்டும் ஒரே கலையாகத்தான் இடம் பெற்றன.

கியோகெனில் "புசு" என்று பேர்போன நாடகம் ஒன்று உண்டு. எஜமான் வெளியே போகிறார். "இந்த ஜாடியில் கொடிய விஷம் இருக்கிறது. கிட்டே போகாதீர்கள்" என்று வேலைக்காரர் இருவரிடமும் சொல்லிவிட்டுப் போகிறார். அவர்கள் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே சர்க்கரை! முழுவதையும் நக்கித் தீர்த்துவிடுகிறார்கள். அப்புறம் எஜமானின் அருமையான சித்திரத்தைக் கிழித்து, கிண்ணத்தையும் உடைத்துவிட்டு, அவர் வந்ததும் அழுகிறார்கள். "உடைத்த பாவத்துக்காக உயிரை விடலாம் என்று விஷத்தைத் தின்றோம். எவ்வளவு தின்றும் சாவு வரவில்லையே!"

நல்ல தின்பண்டத்தை ஒருவன் ஒளித்து வைப்பது, அதனால் வீடே அமளிப்படுவது. சிங்கி இறால் கதைக்கும் இதற்கும் நேர் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேசத்து ரசிகருக்கு, கனமான நாடகத்துக்குப் பக்கத்திலே ஒரு தின்பண்டச் சண்டை நடந்தால் அது குற்றமாகத் தோன்றாது என்பது நிச்சயம்.

தொடரின் பெயரையும் பாருங்கள். பீபாப் என்பது 1940-களில் அமெரிக்காவில் பிறந்த ஒரு ஜாஸ் சங்கீத வகை. பகுதிகளின் பெயர்களிலும் சங்கீதம். காளான் கதைக்கு சாம்பா. குதிரைக் கதைக்கு ஃபங்க். வேறு கதைகளுக்கு ப்ளூஸ், வால்ட்ஸ். கச்சேரியில் சோகப் பாட்டும் வரும், துள்ளல் பாட்டும் வரும். துள்ளல் பாட்டு வரும்போது எழுந்து போகிறவரை நல்ல ரசிகர் என்பார்களா?

"கதையோடு ஒட்டவில்லையே!"

எதிர்க் கட்சிக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். "சிரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையோடு சேர்ந்து வரட்டும். இவை ஒட்டவே இல்லையே! பூதம் கடித்த சமாசாரத்தை அடுத்த பகுதியில் யாரும் ஞாபகம்கூட வைத்திருக்கவில்லையே!"

வாஸ்தவம். ஒட்டவில்லைதான். அதுவே அவற்றின் பலம் என்பது என் அபிப்பிராயம்.

நமது வீட்டு நாட்களை எண்ணிப் பாருங்கள். கல்யாணம், சாவு, பரீட்சை, வேலை மாற்றம் என்று கதைக்கு உதவும் நாட்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச நாளெல்லாம் பால் பொங்கியது, குழாய் ஒழுகியது, யாரோ யார் பங்கையோ தின்றது என்றுதான் கழிகின்றன. அவை எதோடும் ஒட்டுவதில்லை. மறுநாளே மறந்துபோகிறோம். ஆனால் ஒருவர் வீட்டை விட்டுப் போய்விட்டால் நமக்கு நினைவு வருவது எது? கல்யாண நாளா? இல்லை. அந்த ஒட்டாத நாட்கள்தான்.

எல்லாச் சிரிப்பையும் நான் ஆதரிக்கவில்லை. கதை எழுதச் சரக்கு இல்லாமல், வாரத்தை ஓட்டுவதற்காக இட்டு நிரப்பும் தொடர்களும் உண்டு. அவற்றைத் தள்ளினால் நஷ்டம் இல்லை. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி? அந்தச் சிரிப்பு அந்த மனிதர்களின் குணத்திலிருந்து பிறந்ததா என்று பாருங்கள். ஸ்பைக்கின் மறதியிலிருந்து பூதம் பிறந்தது. ஃபேயின் பேராசையிலிருந்து வயிற்றுவலி பிறந்தது. இப்படிப் பிறந்த சிரிப்பு வெட்டிச் சிரிப்பு அல்ல.

முட்டை தின்ற இரவு

24-ம் பகுதி. இது சிரிப்புக் கதை அல்ல.

எட் கப்பலை விட்டுப் போய்விடுகிறாள். தன் தகப்பனைத் தேடிப் போகிறாள். நாயும் அவள் பின்னால் போய்விடுகிறது. கப்பலின் மேல்தளத்தில் பெரிதாக ஒரு சிரித்த முகத்தை வரைந்து வைத்துவிட்டுப் போகிறாள். ஃபேயும் தன் பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அங்கே வீடு இல்லை. இடிந்த மண்தான் இருக்கிறது.

கப்பலில் மிச்சம் ஜெட்டும் ஸ்பைக்கும். எல்லோருக்கும் என்று ஜெட் முட்டை அவித்து வைத்திருக்கிறார். தின்ன ஆள் இல்லை. இருவரும் உட்கார்ந்து தின்கிறார்கள். ஒரு முட்டை, இரண்டு முட்டை, அடுத்தவர் பங்கு முட்டை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரம் அவசரமாக வாயில் திணித்துக்கொள்கிறார்கள். பாட்டு மட்டும் ஓடுகிறது.

அவ்வளவுதான் காட்சி. இரண்டு ஆண்கள் முட்டை தின்கிறார்கள். இதிலே அழ என்ன இருக்கிறது?

ஐந்து பகுதிக்காரருக்கு ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பகுதியையே பார்த்திருக்க மாட்டார். தப்பித் தவறிப் பார்த்தாலும், "ஏன் இப்படி முட்டை தின்கிறார்கள்?" என்றுதான் கேட்பார்.

நமக்கோ தொண்டை அடைக்கிறது. ஏன்? இறைச்சி இல்லாத கறிக்குச் சண்டை போட்ட மேசை அது. ஒருவர் கண்ணில் படாமல் ஒருவர் ஒளித்து வைத்த சாப்பாடு பூதமான கப்பல் அது. சின்னப் பெண் காளான் கொண்டு வந்து எல்லோர் வயிற்றையும் நிரப்பிய இடம் அது. ஒரு வாய்ச் சோற்றுக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்ட இடத்தில், இன்று முட்டை மீந்துபோகிறது! பங்கு கேட்க ஆள் இல்லை!

காலி நாற்காலியைப் பார்த்து அழ வேண்டுமானால், அதில் உட்கார்ந்து சிரித்தவரை முதலில் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நமக்குக் காட்டியவை, வெட்டி என்று பெயர் வாங்கிய அதே பகுதிகள்தான்.

கடைசியாக ஒன்று

2021 நவம்பரில் இதே கதையை நெட்பிளிக்ஸ் கம்பெனி நிஜ நடிகர்களை வைத்து எடுத்து வெளியிட்டது. பத்துப் பகுதிகள். ஸ்பைக்கின் பகைவனுக்கும் காதலிக்கும் அதிலே முன்னைவிட எவ்வளவோ அதிக இடம் கொடுத்தார்கள். தனிக் கதைகளுக்கு இடம் சுருங்கிப்போயிற்று. மறு மாதமே, இனி தொடர்ச்சி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இது ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பகையை நீட்டினால் கதை கனமாகும் என்று நினைப்பது தப்பு என்பதற்கு அந்தப் பத்துப் பகுதிகளையும் பழைய 26 பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஆகவே, வீட்டில் வளர்ந்த பிள்ளை "இந்தப் பகுதியைத் தள்ளிவிடட்டுமா? இதிலே ஒன்றும் நடக்காது" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றும் நடக்காத நாளை ஒன்றாக உட்கார்ந்து பார்த்துச் சிரியுங்கள்.

பார்த்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் பிரிட்ஜின் பின்தட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எதற்கும் நல்லது!